பொன்னாடையா, கேடயமா, எவர்சில்வர் குண்டானா? ஊருக்கு உழைக்கிறவர்களுக்கு வாங்கிக் கொடுத்த பொருட்கள் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் ஓடிவிடுகிறவர்களுக்காக: கேடயம் வாங்காதீர்கள். அதே காசுக்கு நல்ல கனமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கி, மரியாதை பெறப்போகிறவர் பெயரை அதில் வெட்டிக் கொடுங்கள். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

நான் திண்டுக்கல் பக்கம், சின்னாளபட்டிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு ஊர். எங்கள் இளைஞர் மன்றத்தில் வருஷா வருஷம் பொங்கல் விளையாட்டு விழாவோடு சேர்த்தோ குடியரசு தினத்தன்றோ ஊருக்காக உழைக்கிறவர்கள் சிலரைக் கூப்பிட்டு மரியாதை செய்வது வழக்கம். தூய்மைக் காவலர்கள், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற அக்கா, பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிற குழுவினர், தபால்காரர், மழை நாளில் ராத்திரி கம்பத்தில் ஏறுகிற லைன்மேன், மயானத்தில் குழி வெட்டுகிற பெரியவர், இப்படி. யாரைக் கூப்பிடுவது என்று முடிவு பண்ணுவது கமிட்டி. பொருள் வாங்கும் வேலை என் தலையில். அதனால் இந்தக் கடைகள், விலை, தரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. அதைவிட முக்கியமாக, ஊர்க்காரன் என்பதால் இவர்கள் வீடுகளுக்கும் போய்வருகிறவன், கொடுத்த பொருள் ஆறு மாசம் கழித்து எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பார்க்கிறவன். இந்த விமர்சனம் அந்தக் கணக்கில் எழுதியது.

பொன்னாடையில் ஆரம்பிப்போம். மொத்தக் கடையில் 60, 70 ரூபாய்க்கே கிடைக்கும், கொஞ்சம் அகலமாக, சரிகை அடர்த்தியாக வேண்டுமென்றால் 200, 250 வரை போகும். ஈரோடு கனி மார்க்கெட்டில் வாரச் சந்தை திங்கட்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து செவ்வாய் வரை நடக்கும், அங்கே போனால் இன்னும் குறையும். ஆனால் 60 ரூபாய் ஆனாலும் 250 ரூபாய் ஆனாலும் துணி பாலியஸ்டர்தான். வியர்வையை உறிஞ்சாது, கழுத்தில் அரிக்கும், தோளில் நிற்காமல் வழுக்கும், ஜிகினா உதிர்ந்து சட்டையெல்லாம் மினுங்கும். போர்த்தி, போட்டோ எடுத்து, அடுத்தவர் வருவதற்குள் மடித்துக் கையில் வைத்துக்கொள்வதோடு அதன் ஆயுள் முடிந்தது. வீடுகளில் அது மிக்சிக்கு மூடியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், டிவிக்கு மேலே பார்த்திருக்கிறேன். யாரும் போர்த்திக்கொண்டு பார்த்ததில்லை. இன்னொரு சங்கடம் நம் ஊருக்கே உரியது. பெண்களுக்கு யார் போர்த்துவது? தலைவர் ஆண், அவர் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிடுவார். அல்லது கூட்டத்தில் இருந்து யாரோ ஒரு அம்மாவை அவசரமாக மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்தச் சொல்வார்கள். இந்தத் தடுமாற்றத்தில் வாங்க வந்தவருக்குத்தான் கூச்சம்.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் எங்கள் பழனிமலைக்காரர்தான். மயிலுக்கு வேண்டுமா என்று கேட்காமல் கொடுக்கிற பழக்கம் எங்களிடம் அப்போதே இருந்திருக்கிறது போல.

பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று ஸ்டாலின் பல வருஷமாகச் சொல்லி வருகிறார், அதை நாங்களும் ஒரு தடவை செய்து பார்த்தோம். எல்லோருக்கும் ஒரே புத்தகமாக மொத்தமாக வாங்கிக் கொடுத்ததில் பெரிய பிரயோஜனம் இல்லை. ஆனால் தொட்டி ஆபரேட்டர் அண்ணனிடம் மட்டும் முன்னாலேயே பேச்சுக் கொடுத்ததில் அவர் மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பது தெரிந்தது, அந்தப் பிள்ளைக்கு வேண்டிய புத்தகங்களின் பட்டியலை வாங்கி அதையே கட்டாகக் கட்டிக் கொடுத்தோம். மேடையில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து நிமிஷம் பேசிவிட்டு வாங்கினால் பலன் இருக்கிறது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது கேடயம். இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம். கடை பெயர் போடவில்லை, ஏனென்றால் நான் போன கடைகள் எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். உள்ளே போனதும் கம்ப்யூட்டரில் ரெடியாக இருக்கிற டிசைன் ஒன்றைத் திறப்பார்கள். அதில் மேலே சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில், இரண்டு பக்கமும் தலைவர், செயலாளர் போட்டோ, நடுவில் தீபமோ கழுகோ ஏதோ ஒரு படம், கீழே பொருளாளர், துணைத் தலைவர் பெயர்கள். வாங்குகிறவர் பெயர் எங்கே என்று தேடினால், ஒரு ஓரத்தில் ‘திரு/திருமதி’ போட்டு அரை விரல் உயரத்தில் ஒரு கோடு. அவர் பெயரைப் பெரிசாக்கி எங்கள் பெயரைச் சின்னதாக்குங்கள் என்று சொன்னால் அந்தப் பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். ‘அண்ணே, காசு குடுக்கிறது சங்கம்தானே?’ என்றான். அவன் தப்பில்லை, யாரும் அப்படிக் கேட்பதில்லை போல.

அப்புறம் எழுத்து. பெயர்களை வாட்ஸ்அப்பில் தெளிவாகத் தட்டச்சு செய்து அனுப்பினோம், அவர்களிடம் இருந்தது பழைய எழுத்துரு, யூனிகோடை ஏற்காது. ஒட்டும்போது கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் சிதறி, அதை அவர்களே கையால் திரும்ப அடித்ததில் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவின் பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டது. விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு டெலிவரி. திருத்திக் கொடுங்கள் என்றால், ‘மேடையில யாருண்ணே படிச்சுப் பாக்கப்போறா, விடுங்க’ என்றார் முதலாளி. அந்த அக்கா படித்துப் பார்ப்பார் ஐயா. மாதாமாதம் வீடு வீடாகப் போய், யாருக்கு எந்த மாத்திரை என்று எழுத்துக்கூட்டிப் பார்த்துக் கொடுக்கிறவர். தன் பெயரை முதலில் பார்க்கமாட்டாரா?

தரமும் சுமார்தான். வெளியே தங்க நிறத் தகடு, உள்ளே அமுக்கின மரத்தூள் பலகை. ஐப்பசி மழை ஒன்று முடிந்ததும் மூலை உப்பி, தகடு நெளிந்து பிரிய ஆரம்பிக்கும். ஓட்டு வீடு, சிமெண்ட் ஷீட் வீடு, அதில் ஷோகேஸ் எங்கே இருக்கும்? பரணில் கிடக்கும். வெல்வெட் பெட்டிக்குத் தனிக் காசு வேறு. நியாயமாகச் சொல்வதென்றால் கண்ணாடிக் கட்டியில் பொறித்துத் தருகிற வகை தேவலை, கனமாக இருக்கிறது, எழுத்து அழியாது. ஓய்வு பெறுகிற தலைமை ஆசிரியர், டாக்டர் மாதிரி ஹாலில் அலமாரி வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம், சந்தோஷமாக வைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே கேடயம் என்பதுதான் தப்பு.

சந்தன மாலை பற்றி ஒரே வரி போதும். மரச் சீவலில் வாசனை எண்ணெய் தெளித்தது, ஒரு வாரத்தில் வாசனை போய்விடும். மயானத்துப் பெரியவர் கழுத்தில் அதைப் போட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, ‘ஏப்பா, இப்பவே என்னைப் போட்டோவுல மாட்டிட்டீங்களே’ என்றார். கூட்டமே சிரித்துவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் அந்த மாலையைத் தொடவில்லை.

கொஞ்சம் காசு சேர்ந்த வருஷம் தஞ்சாவூர் கலைத்தட்டு வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். அரசுக் கைவினைப் பொருள் கடையான பூம்புகாரில் கிடைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள், பித்தளைத் தட்டின் மேல் வெள்ளி, செம்பில் உருவங்களைப் பதித்து வேலை செய்திருப்பார்கள், பார்க்க அவ்வளவு அழகு. வெளியூர் விருந்தினருக்கு அருமையான பொருள். ஆனால் துடைத்துத் துடைத்துக் காப்பாற்ற வேண்டியது, விலையும் ஏறும். திண்டுக்கல் பூட்டுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதையே கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். வாய்க்குப் பூட்டுப் போடுகிற கமிட்டி என்று பேர் வாங்க ஆசையிருந்தால் கொடுக்கலாம்.

துணி கொடுப்பதாக இருந்தால் எங்கள் பக்கம் அலைய வேண்டியதே இல்லை. சின்னாளபட்டி சுங்குடிச் சேலை, கட்டுகிற துணி, வெயிலுக்கு ஏற்ற பருத்தி. முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தனியாக அலசச் சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் மற்றத் துணிகளில் சாயம் இறங்கும். கஞ்சி மொடமொடப்பு இரண்டு அலசலில் போய் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சமைக்கிற குழுவுக்கு இதைத்தான் கொடுத்தோம், ஆளுக்கு ஒரு நிறம், அவர்களையே கடைக்கு அழைத்துப் போய் எடுக்கச் சொன்னோம். ஒரே மாதிரி எடுத்தால் யூனிபார்ம் மாதிரி ஆகிவிடும் என்று அவர்களே சொன்னார்கள். ஆண்களுக்கு காந்திகிராமத்துக் கதர்த் துண்டு, வேட்டி. காந்திகிராமம் 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் ஆரம்பித்தது. சௌந்தரம் அம்மா சின்னாளபட்டியில் ஒரு சின்ன மருத்துவமனையாக ஆரம்பித்ததுதான் இன்றைக்குக் கஸ்தூரிபா மருத்துவமனையாக நிற்கிறது. ஊர்ச் சேவைக்கு மரியாதை செய்யும்போது அந்த இடத்துத் துணி தோளில் விழுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. துண்டு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். வெளியூர்க்காரர்கள் கோ-ஆப்டெக்ஸ் போங்கள், 1935-ல் இருந்து இருக்கிற கூட்டுறவு, தள்ளுபடிக் காலத்தில் போனால் விலையும் கட்டுப்படியாகும்.

சரி, பாத்திரக் கடைக்கு வருவோம். எவர்சில்வர் கடையில் பேர் வெட்டிக் கொடுப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நம் வீட்டுச் சீர்ப் பாத்திரங்களில் பாட்டி பெயர், அத்தை பெயர், கல்யாணத் தேதியோடு இன்றைக்கும் அழியாமல் இருக்கிறது. ஆனால் விழா என்றால் மட்டும் ஏன் நம் கால் நேராகக் கேடயக் கடைக்குப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. திண்டுக்கல்லில் நாங்கள் வாங்குகிற கடை மெயின் ரோட்டில் இருந்து உள்ளே போகிற சந்தில் இருக்கிறது, வாசலில் குடத்தை அடுக்கி வைத்து நடக்க வழி இருக்காது. வாசல் ஓரம் ஒரு ஸ்டூலில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார், பேனா மாதிரி ஒரு மெஷின், ர்ர்ர்ர் என்று அதிரும், அதன் முனை புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டே போகும். பென்சிலில் எழுதிக்கூடப் பார்ப்பதில்லை, பாத்திரத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு வளைவுக்கு ஏற்றபடி திருப்பித் திருப்பி நேராக எழுதிவிடுகிறார். கொம்பு கால் சிதறுகிற கதையெல்லாம் இங்கே இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பார், ‘இன்ஷியல் கே தானே, கா இல்லையே?’ என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினைப் போடுவார். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கடையில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டக் காசு கிடையாது. நான் டீக்குக் கொடுத்தேன், அது வேறு.

என்ன எழுதுவது என்பதில் கமிட்டியில் பெரிய சண்டை. சங்கத்தின் பெயர் இல்லாமல் எப்படி, காசு போட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா என்றார்கள். கடைசியில் வாங்குகிறவர் பெயர் முதலெழுத்தோடு கழுத்துப் பக்கம் பெரிசாக, அதற்குக் கீழே ‘ஊர் மக்கள் அன்புடன்’ என்று வருஷத்தோடு, சங்கத்தின் பெயர் அடியில் சின்னதாக என்று முடிவானது. அடியில் போட்டது பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவும்போது மட்டும் தெரியும். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: எடைக்குத்தான் விலை, ஆகவே பெரிசாகத் தெரிகிற மெல்லிய பாத்திரத்தில் ஏமாறாதீர்கள், அளவைக் குறைத்துக் கனத்தைக் கூட்டுங்கள். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள், கூர் இருந்தால் வேண்டாம். காந்தம் ஒட்டவில்லை, அதனால் ஒசத்தி எவர்சில்வர் என்று சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம், நிக்கல் குறைவான 202 ரகத்திலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது, நிக்கல் கூடுதலான 304 ரகத்திலும் ஒட்டாது. 202 விலை குறைவு, உப்பு, புளி அடிக்கடி படுகிற பாத்திரத்தில் நாள்பட்டால் புள்ளி விழும். எந்த ரகம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2024-ல் மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாத்திரம் என்பது ஆளைப் பொறுத்தது. காலை உணவு அக்காக்களில் ஒருவர் இட்லிக் கொப்பரை கேட்டார், ஸ்கூலில் நாள் முழுக்கப் பெரிய பாத்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கும் பாத்திரமா என்று நாங்கள் தயங்கினோம், அவர் விடவில்லை. தபால்காரருக்கு மூன்றடுக்கு டிபன் கேரியர். மாத்திரை அக்காவுக்கு மூடி போட்ட பெரிய குண்டான், இந்த முறை பெயரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்தக் குண்டான் இப்போது தெருவில் எந்த வீட்டில் வளைகாப்பு, காதுகுத்து என்றாலும் இரவலாகப் போய்வருகிறதாம். ‘கழுத்துல என் பேரு இருக்கிறதால மாறிப்போகாம திரும்பி வந்துருது தம்பி’ என்றார். பந்தியில் சோறு போடுகிறவன் எல்லாம் அந்தப் பெயரை ‘ஊர் மக்கள் அன்புடன்’ என்பதோடு சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை, சொல்லும்போது சிரித்த சிரிப்பில் தெரிந்தது. பரணில் கிடக்கிற கேடயத்துக்கு இந்த யோகம் உண்டா?

கையுறை, காலுறை, மழைக்கோட்டு கொடுத்தால் உபயோகமாக இருக்குமே என்று சிலர் சொல்வார்கள். தூய்மைப் பணியாளருக்கு அவற்றைக் கொடுப்பது ஊராட்சி நிர்வாகத்தின் கடமை. அதை மேடையில் வைத்து நாம் தானமாகக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டால், கொடுக்க வேண்டியவர் கைகழுவ வசதியாகிவிடும். அது குறைவாக இருந்தால் கிராம சபையில் கேளுங்கள், இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை, பழைய நான்கு நாட்களோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கிறது. 

இதில் எனக்கு எப்போதும் ஞாபகம் வருகிறவர் மதுரைப் பக்கம் சின்னப்பிள்ளை அம்மா. களஞ்சியம் இயக்கத்தில் பெண்களைச் சேர்த்துச் சேமிப்புக் குழுக்களைக் கட்டினவர், டெல்லியில் விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீ. அவ்வளவு பெரிய மரியாதை கிடைத்தவர் 2024-ல் எனக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது, அது செய்தியானதும் மாநில அரசு கனவு இல்லம் திட்டத்தில் வீடு அறிவித்தது. டெல்லி விருதுக்கே இந்தக் கதி என்றால் எங்கள் பொங்கல் விழா கேடயம் எம்மாத்திரம்.

பத்ம விருதுக்கே இப்போது யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் இணையத்தில் பரிந்துரைக்கலாம், தெரிந்தவர் இருந்தால் செய்யுங்கள். எங்கள் பக்கம் அய்யங்கோட்டையில் பிறந்து, உழுகிறவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்காகவே வாழ்ந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கு 2020-ல் பத்மபூஷண் கிடைத்தது. அப்போது எங்கள் டீக்கடையில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியவில்லை.

விழா நடத்துகிற விதத்தையும் சேர்த்தே மார்க் போட வேண்டும். பக்கத்து ஊர் விழா ஒன்றுக்குப் போயிருந்தேன், தூய்மைக் காவலர்களை ஒன்பது மணிக்கே வரச்சொல்லி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள், சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டரைக்கு. பொன்னாடை போர்த்தி அனுப்பிய கையோடு, கூட்டம் கலைந்ததும் அதே பெண்கள் டீக் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. எங்கள் ஊரில் இப்போது மரியாதை முதலில், பேச்சு பிறகு. வாங்கினவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போகலாம், பெருக்குவது மன்றத்துப் பையன்கள் வேலை. அன்றைக்கு அரை நாள் கூலி போகிறவர்களுக்கு அதைக் கவரில் வைத்துப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டுவிடுகிறோம், மேடையில் அறிவிப்பதில்லை.

கடைக்குப் போகிறவர்களுக்கு: தை, ஆவணி முகூர்த்தக் காலத்தில் பேர் வெட்டுகிறவரிடம் சீர்ப் பாத்திரம் மலையாகக் குவிந்திருக்கும், பத்து நாள் முன்னாலேயே பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அவர் இருக்கமாட்டார். பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பேனாவில் எழுதிக் கொண்டுபோங்கள், சம்பந்தப்பட்டவரிடமே ஒரு தடவை காட்டிச் சரிபார்த்து. இன்ஷியல் தமிழிலா ஆங்கிலத்திலா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள், கடையில் நின்று போன் போட்டுக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்கிற கல்யாண வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள்.